எடிட்டர் நிற்கும் ஃபோல்டர்

ராஜாஜி சாலையிலோ ராயபுரத்திலோ உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் ஒரே நாளில் மூன்று துறைமுகங்களின் வேலை நடக்கலாம். சென்னைத் துறைமுகம் ஒன்று. அதற்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டரில், எண்ணூரில், காமராஜர் துறைமுகம். அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. சாலையில் போகிறவருக்கு மூன்றும் ஒரே கடற்கரைதான். சுங்கத்துறைக்கு அப்படியல்ல: சென்னைக் கடல்வழிக்கு ஐஎன்எம்ஏஏ1, எண்ணூருக்கு ஐஎன்இஎன்ஆர்1, காட்டுப்பள்ளிக்கு ஐஎன்கேஏடி1 என்று தனித்தனிக் குறியீடு உண்டு. எந்தத் துறைமுகத்துக்கான பில் ஆஃப் என்ட்ரியோ (இறக்குமதி அறிக்கை), அந்தத் துறைமுகக் குறியீட்டோடுதான் அது சுங்கத்துறையின் இணையத் தளமான ஐஸ்கேட்டுக்குப் போக வேண்டும். அதனால் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே பெயரில் ஃபைல்கள் இருக்கும்: செக்லிஸ்ட், கன்டெய்னர் பட்டியல், பார்ட்டி விவரம்.

இந்த அத்தியாயத்தின் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. எண்ணூர்ப் பட்டியலைத் திருத்திச் சேவ் செய்தாயிற்று. திறந்து பார்த்தால் பழையபடியே இருக்கிறது. திருத்தம் எங்கும் தொலைந்துவிடவில்லை. வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஏன் போனது என்பதற்கு ஒரே விடைதான்: எடிட்டர் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை வொர்க்கிங் டைரக்டரி என்பார்கள். நான் 'நிற்கும் ஃபோல்டர்' என்றே சொல்லிப் போகிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் புள்ளியில்லாமல் அடியுங்கள்.

பெயரை மட்டும் சொன்னால்

ஒரு ஃபைலை இரண்டு வகையாகக் குறிப்பிடலாம். டிரைவில் தொடங்கி ஃபோல்டர் ஃபோல்டராக முழு முகவரியும் சொல்வது ஒரு வகை. 'பட்டியல்' என்று பெயரை மட்டும் சொல்வது இன்னொரு வகை. முழு முகவரி சொன்னால் எடிட்டர் எங்கே நின்றாலும் கவலையில்லை. பெயரை மட்டும் சொன்னால், அது தான் நிற்கும் ஃபோல்டருக்குள்தான் தேடும். சென்னைத் துறைமுக ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் டிரைலர் டிரைவருக்குப் போன் போட்டு, "அண்ணே, ரெண்டாவது லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொல்வது போலத்தான் இது. அவர் உண்மையில் மணலி பக்கம் நின்றுகொண்டிருந்தால், அங்கேயும் ஒரு ரெண்டாவது லெஃப்ட் இருக்கும், அதில் திரும்பிவிடுவார்.

கடைசி வரிதான் ஆபத்து. நிற்கும் ஃபோல்டரில் 'பட்டியல்' என்று எதுவுமே இல்லாவிட்டால் தப்பித்தீர்கள். விம், நானோ, ஈமாக்ஸ் ஆகிய மூன்று எடிட்டர்களும் காலித் திரையைத் திறந்து, இது புது ஃபைல் என்று கீழே ஒரு சின்னச் செய்தி காட்டும். ஏற்கெனவே இருக்க வேண்டிய ஃபைலுக்கு அந்தச் செய்தி வந்தால் ஓர் எழுத்தும் அடிக்காமல் வெளியே வாருங்கள். ஆனால் நிற்கும் ஃபோல்டரிலும் அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்துவிட்டால் எடிட்டர் மூச்சு விடாது. காட்டுப்பள்ளிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணூர்க் கன்டெய்னர் எண்களை அடித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று துறைமுகத்துக்கும் ஒரே ஃபைல் பெயர் வைக்கும் பழக்கம் பார்க்க ஒழுங்காக இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபைல் பெயரிலேயே துறைமுகக் குறியீட்டைச் சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைலில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அது வந்த இடத்துக்கே திரும்பப் போகும். நிற்கும் ஃபோல்டருக்கு அதில் வேலையில்லை. புது ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது, 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது, பெயரை மட்டும் அடித்துத் திறக்கும்போது, எடிட்டருக்குள்ளிருந்து ஒரு நிரலை ஓட்டும்போது: இந்த நான்கு நேரங்களில்தான் கவனம் தேவை.

கொண்டு வந்து நிறுத்துவது யார்?

எடிட்டர் தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நிற்பதில்லை. யார் அதைத் தொடங்கினார்களோ, அவர்கள் நின்ற இடத்தையே வாரிசாகப் பெறுகிறது. டெர்மினலில் எண்ணூர் ஃபோல்டருக்குள் இருந்துகொண்டு விம் என்று அடித்தால், விம்மும் எண்ணூரில் நிற்கும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அடிப்படை இதுதான்.

வாரிசு ஒருவழிப் பாதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்றது பிள்ளைக்குக் கொடுக்கும். பிள்ளை நகர்ந்தால் பெற்றது நகராது. யுனிக்ஸ் பிறந்த காலத்திலேயே இது அதைச் செய்தவர்களை ஒரு முறை திணற வைத்தது. பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 இயந்திரத்தில் ஓடிய அந்த முதல் யுனிக்ஸில், ஒரு செயலி இன்னொன்றைப் பிள்ளையாகப் பெறும் 'ஃபோர்க்' வசதியைச் சேர்த்ததும் ஃபோல்டர் மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போயிற்று. டென்னிஸ் ரிட்ச்சி பின்னால் எழுதிய யுனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் இதைச் சொல்கிறார். கட்டளை சரியாகத்தான் ஓடியது. ஆனால் அது பிள்ளைச் செயலியாக ஓடி, பிள்ளையை மட்டும் நகர்த்திவிட்டு முடிந்துபோனது. பெற்றது, அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், நின்ற இடத்திலேயே நின்றது. அதனால்தான் ஃபோல்டர் மாற்றும் வேலையை இன்றைக்கும் ஷெல் தன் கையாலேயே செய்கிறது. விம்முக்குள் எத்தனை ஃபோல்டர் மாறினாலும், வெளியே வந்தால் டெர்மினல் பழைய இடத்திலேயே இருப்பதும் இதனால்தான்.

டெர்மினலைத் தொடாதவர்கள்தான் நம்மில் அதிகம். ஐகானில் கிளிக் செய்து திறந்தால் என்ன ஆகும்?

விண்டோஸ் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு பெட்டி தெரியும். எடிட்டர் நிற்கப்போகும் இடம் அதுதான். சாதாரணமாக அங்கே எடிட்டரை இன்ஸ்டால் செய்த ஃபோல்டரே எழுதப்பட்டிருக்கும். அந்த ஃபோல்டரில் நமக்கு எழுத அனுமதி இருக்காது. 'புரோகிராம் ஃபைல்ஸில் சேவ் செய்ய முடியவில்லை' என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இப்படி வருவது. பெட்டி காலியாக இருந்தால் சில நேரம் சிஸ்டம்32 ஃபோல்டரில் கொண்டு போய் நிறுத்திவிடும். ஆகவே மூன்று துறைமுகத்துக்கும் டெஸ்க்டாப்பில் மூன்று ஷார்ட்கட் வைத்து, ஒவ்வொன்றின் 'ஸ்டார்ட் இன்' பெட்டியிலும் அந்தந்த ஃபோல்டரின் முழு முகவரியைப் போடலாம். ஐந்து நிமிட வேலை.

ஃபைலையே டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் பெரும்பாலும் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே எடிட்டரை நிறுத்தும். 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் உண்டு. நோட்பேட்++ போன்றவை வழக்கமாக ஒரே ஒரு தடவைதான் ஓடும். ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால், புதிதாகத் தொடங்கியது ஃபைலை அதன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். காலை 9 மணிக்குத் திறந்த நோட்பேட்++ மாலை வரை ஓடினால், நடுவில் நீங்கள் எத்தனை ஃபைலை எங்கிருந்து டபுள் கிளிக் செய்தாலும் அதைத் தொடங்கிவைத்தது காலைக் கிளிக்தான்.

மேக்கில் ஃபைண்டரிலிருந்து திறக்கும் எடிட்டருக்குக் கிடைப்பது மொத்த டிஸ்க்கின் வேர், ஒற்றைச் சாய்கோடு. எடிட்டரே பார்த்து அங்கிருந்து நகர்ந்தால்தான் உண்டு. லினக்ஸில் மெனுவிலிருந்து திறந்தால் வழக்கமாக ஹோம் ஃபோல்டர். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அப்படி ஒன்று வீட்டில் இன்னும் ஓடுகிறது என்றால், ஜி-எடிட்டை மெனுவிலிருந்து ஒரு முறையும் டெர்மினலில் வேறு ஃபோல்டரிலிருந்து ஒரு முறையும் திறந்து வித்தியாசத்தைப் பாருங்கள். பழகுவதற்கு அலுவலகக் கம்ப்யூட்டரைவிட அதுதான் நல்லது.

நோட்பேட்++

வடசென்னை ஷிப்பிங் அலுவலகங்களுக்கு ஒரே எடிட்டரைச் சிபாரிசு செய்யச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எடிட்டர் நிற்கும் ஃபோல்டர் வேறு. 'ஓப்பன்', 'சேவ் ஆஸ்' கொடுத்ததும் டயலாக் பெட்டி காட்டும் ஃபோல்டர் வேறு. மவுஸ் வைத்து வேலை செய்கிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். 'செட்டிங்ஸ்', 'பிரிஃபரன்ஸஸ்', அதற்குள் 'டிஃபால்ட் டைரக்டரி' என்று போனால் மூன்று வழி தெரியும்: நடப்பு ஃபைலைப் பின்தொடர், கடைசியாகப் பயன்படுத்திய ஃபோல்டரை நினைவில் வை, நான் சொல்லும் ஃபோல்டரிலேயே எப்போதும் திற.

ஒரே துறைமுக வேலை மட்டும் பார்க்கிறவர் மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம். 'கடைசியாகப் பயன்படுத்தியது' என்ற வழி வீட்டுக்குச் சரி, அலுவலகத்தில் வேண்டாம். மதிய ஷிப்டில் பக்கத்து ஆள் அதே கம்ப்யூட்டரில் காட்டுப்பள்ளி வேலை பார்த்துவிட்டுப் போனால், உங்கள் எண்ணூர் ஃபைலுக்கு 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது அவருடைய ஃபோல்டர் திறந்து நிற்கும். என் தேர்வு முதலாவது, நடப்பு ஃபைலைப் பின்தொடர்வது.

அதற்கும் ஒரு கண்ணி உண்டு. நோட்பேட்++ நேற்று திறந்திருந்த டேப்களை இன்றும் திறந்து வைக்கும். மூன்று துறைமுக ஃபைல்களும் டேப்களாக வரிசையில் நிற்கும்போது, முன்னால் இருக்கும் டேப் எதுவோ அதைத்தான் பின்தொடரும். அது எது என்று அறிய ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பார்த்தால் போதும். ஃபைலின் முழு முகவரியும் அங்கே எழுதியிருக்கும். டேப்பில் தெரியும் பெயரை நம்பாமல் தலைப்புப் பட்டையைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். பெயரிடாத 'நியூ 1' டேப்புக்குப் பின்தொடர ஒரு ஃபோல்டரே கிடையாது. அதிலிருந்து சேவ் செய்யும்போது டயலாக் பெட்டியின் மேல்வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐஸ்கேட்டுக்குப் போகும் ஃபைல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இந்த அத்தியாயத்துக்குச் சற்று வெளியே இருந்தாலும். டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த ஃபைலை எடிட்டரில் திறந்து ஓர் இடைவெளி சேர்த்தாலும் கையெழுத்து செல்லாது. சரிபார்க்க வேண்டுமானால் நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வைத்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் மூல மென்பொருளில் திருத்தி, புதிதாக ஃபைல் எடுத்து, மறுபடி கையெழுத்துப் போடுவதுதான் வழி.

விம், ஈமாக்ஸ்

விம்மில் எங்கே நிற்கிறோம் என்று கேட்க கோலன் அழுத்தி பி.டபிள்யூ.டி. இடம் மாற சி.டி., பிறகு இடைவெளி விட்டு முகவரி. சி.டி. மட்டும் அடித்தால் லினக்ஸில் ஹோமுக்குத் தாவிவிடும், விண்டோஸிலோ நிற்கும் இடத்தைக் காட்டும். 'எங்கே இருக்கிறோம்' என்று கேட்க நினைத்து சி.டி. அடிக்கும் விண்டோஸ் பழக்கத்தோடு லினக்ஸுக்கு வருகிறவர்கள் இதில் விழுவார்கள். திறந்திருக்கும் ஃபைலின் ஃபோல்டருக்கே போக, சி.டி.க்குப் பிறகு இடைவெளி விட்டு, சதவீதக் குறி, கோலன், பி, கோலன், எச் என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே கட்டளை இதுதான்.

மூன்று ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமா? எல்.சி.டி. அந்த ஜன்னலை மட்டும் நகர்த்தும், டி.சி.டி. அந்த டேப்பை மட்டும். டேப்புக்கு ஒரு துறைமுகம் என்று பிரித்து வைத்தால் குழப்பமே வராது.

ஃபைல் மாறும்போதெல்லாம் நிற்கும் இடத்தையும் தானாக மாற்றும் 'ஆட்டோசிஎச்டிஐஆர்' என்ற விருப்பமும் உண்டு. கடிதம், பட்டியல் என்று தனித்தனி ஃபைல் வேலை பார்க்கிறவர்களுக்கு வசதி. நிரல் எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். பல ஃபோல்டர்களாக விரியும் புராஜெக்டில் கால் ஊன்ற ஓரிடம் இல்லாமல் போய்விடும். இதைப் போட்டால் சில பிளகின்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று விம்மின் உதவிப் பக்கமே சொல்கிறது.

ஈமாக்ஸ் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகப் பார்க்கிறது. மொத்த எடிட்டருக்கும் ஒரே இடம் என்பதை விட்டு, திறந்திருக்கும் ஒவ்வொரு பஃபருக்கும் (திறந்த ஃபைலை அது அப்படித்தான் அழைக்கும்) தனித்தனியாக 'டிஃபால்ட்-டைரக்டரி' வைத்துக்கொள்கிறது. எண்ணூர் ஃபைல் பஃபரில் இருந்து புதிதாக ஒன்றைத் திறக்கப் போனால், கீழ்வரியில் எண்ணூர் முகவரி தயாராக எழுதி நிற்கும். சேவ் செய்யும் முன் முகவரி கண்ணில் படுகிறது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஈமாக்ஸ் ஏற்பாடுதான் பிடிக்கும்.

விஎஸ் கோடும் பைத்தான் நிரலும்

கல்லூரி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் எஃப்5 அழுத்தினால் ஓடும் நிரல், விஎஸ் கோடில் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்' என்று ஏன் விழுகிறது? நிரலில் ஒரு பிழையும் இல்லை. ஐடில், நிரலை ஓட்டும் முன் நிரல் இருக்கும் ஃபோல்டருக்கே நகர்ந்துவிடுகிறது. விஎஸ் கோடோ, நீங்கள் 'ஓப்பன் ஃபோல்டர்' மூலம் எதைத் திறந்தீர்களோ அதிலேயே டெர்மினலை நிறுத்துகிறது. 'துறைமுகங்கள்' என்ற மேல் ஃபோல்டரைத் திறந்துவிட்டு, அதற்குள் இருக்கும் எண்ணூர் ஃபோல்டரின் நிரலை ஓட்டினால், நிரல் தன் பக்கத்திலேயே இருக்கும் பட்டியலை மேல் ஃபோல்டரில் தேடும், கிடைக்காது.

மூன்று வழி இருக்கிறது. எண்ணூர் ஃபோல்டரையே நேரடியாகத் திறக்கலாம். பைத்தான் எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸில் 'எக்ஸிக்யூட் இன் ஃபைல் டிர்' என்பதை டிக் செய்யலாம். ஆனால் இது டெர்மினலில் ஓட்டுவதற்குத்தான், டீபக் செய்வதற்கு அதன் கான்ஃபிகரேஷனில் சி.டபிள்யூ.டி. என்ற வரியைத் தனியாக மாற்ற வேண்டும். மூன்றாவது, நிரலே தன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து முகவரி கட்டும்படி எழுதுவது, பைத்தான் 3.4 முதல் 'பாத்லிப்' இதற்காகவே இருக்கிறது. முதல் இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் பலிக்கும். நிரலை மெயிலில் மணலி கன்டெய்னர் கிடங்கு (சிஎஃப்எஸ்) ஆபீஸுக்கு அனுப்பினால் அங்கே மறுபடி விழும். மூன்றாவது எங்கே ஓட்டினாலும் பலிக்கும்.

பென் டிரைவும் பொது டிரைவும்

பென் டிரைவை எடுக்கப் போனால் 'டிரைவ் பயன்பாட்டில் உள்ளது' என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். ஃபைல் எல்லாவற்றையும் மூடிவிட்டேனே என்பீர்கள். ஃபைலை மூடியிருக்கலாம், எடிட்டர் இன்னும் பென் டிரைவில் நின்றுகொண்டிருக்கலாம். 'ஓப்பன்' டயலாக்கில் ஒரு ஃபோல்டரைத் தொட்டாலே நிற்கும் இடத்தையும் அங்கே மாற்றிவிடும் மென்பொருள்கள் விண்டோஸில் உண்டு. எடிட்டரை முழுவதுமாக மூடுங்கள், டிரைவ் விடுபடும். லினக்ஸில் இதே நிலைக்கு 'டார்கெட் இஸ் பிஸி' என்று செய்தி வரும். அங்கே பி.டபிள்யூ.டி.எக்ஸ். என்ற கட்டளைக்குச் செயலியின் எண்ணைக் கொடுத்தால், அது எங்கே நிற்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். விண்டோஸில் அதே வேலைக்கு மைக்ரோசாஃப்டின் இலவச 'பிராசஸ் எக்ஸ்புளோரர்' இருக்கிறது. எடிட்டரின் பெயரில் டபுள் கிளிக் செய்து 'இமேஜ்' டேப்பில் 'கரண்ட் டைரக்டரி' வரியைப் பாருங்கள்.

ஆபீஸ் சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர் இருக்கும் இடங்களில் இன்னொரு வினோதம். டிரைவ் எழுத்து இல்லாமல், இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் முகவரியில் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் நிற்கவே நிற்காது. அங்கே வைத்திருக்கும் பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், அப்படிப்பட்ட முகவரி தனக்கு ஆகாது என்று ஒரு வரி சொல்லிவிட்டு விண்டோஸ் ஃபோல்டரில் போய் நின்றுகொள்ளும். பேட்ச் ஃபைல் தொடங்கும் எடிட்டரும் அங்கேயே நிற்கும். பொது ஃபோல்டருக்கு இசட் போன்ற டிரைவ் எழுத்து ஒன்றை மேப் செய்து, அதன் வழியாக மட்டுமே எல்லோரும் திறப்பது நல்லது. அது முடியாத இடத்தில், பேட்ச் ஃபைலின் முதல் வரியாக 'புஷ்டி' கட்டளையோடு நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தைத் தந்து உங்களை அங்கே நிறுத்தும். கடைசி வரியில் 'பாப்டி' கொடுத்தால் அந்த எழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.